தட்டில் பாதி என்னுடையது

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு ஆண்டுகள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் சித்தி தொலைபேசியில் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதிக்கொண்டது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் சாப்பிட வேண்டியவை, வலப்பக்கம் தொடவே கூடாதவை. பிறகு தோழி ஒருத்தி சொன்னது, அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் சொன்னது, நள்ளிரவில் கைப்பேசியில் படித்தது என்று வெவ்வேறு மைகளில் அது வளர்ந்துகொண்டே போனது. ஓரங்களிலும் இடம் தீர்ந்து, கீழே இன்னொரு தாளை ஒட்டவேண்டி வந்தது. அன்னாசிப்பழம் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தது. கரு பதிய உதவும் என்றார் ஒருவர், கருவைக் கலைத்துவிடும் என்றார் இன்னொருவர். இரண்டுக்குமே நம்பத்தகுந்த சான்று கிடையாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதுவரை என் மனைவி அன்னாசியை, வழக்கு நிலுவையில் இருக்கும் பழமாகவே நடத்தினாள்.

அந்தத் தாளை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். அதிலிருந்த ஒவ்வொரு வரியும் அவளுக்கானது என்பது மட்டும் என் கண்ணில் படவே இல்லை.

குழந்தைக்காக முயலத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆனபோது மருத்துவரிடம் போனோம். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போய்விடுவது நல்லது. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நினைத்தால் நடந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஆறில் ஒருவர் நாங்கள் மட்டும்தான் என்பதுபோல இருந்தது.

மருத்துவர் சில சோதனைகளை எழுதிக்கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த உணவியல் ஆலோசகரையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஐம்பது வயதைக் கடந்த அம்மையார். கோடு போட்ட நோட்டு ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, “நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை வாயில் போட்டதையெல்லாம் சொல்லுங்கள்” என்றார். என் மனைவி பரீட்சைக்குத் தயாராக வந்தவள்போலச் சொன்னாள். ஊறவைத்த பாதாம் எத்தனை, பழம் எத்தனை துண்டு, சோற்றை எவ்வளவு குறைத்தாள், எண்ணெயை எப்படித் தவிர்த்தாள் எல்லாம். அவர் எழுதிக்கொண்டே வந்தார். முடிந்ததும் தாளின் நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள்?”

நான் துணைக்கு வந்தவன் என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். காலையில் தேநீர், மதியம் கையில் கிடைத்தது, இரவு பத்தரைக்கு மேல் ஒரு பெரிய தட்டு, இடையில் நான்கு சிகரெட். கோட்டின் அந்தப் பக்கத்தில் என் நாள் மூன்று வரிகளில் முடிந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, “மூன்று மாதம்” என்றார். எதற்கு என்று கேட்டேன். “இன்று உங்கள் உடலில் உருவாகத் தொடங்கும் விந்தணு வெளியே வர அவ்வளவு நாள் ஆகும்.”

வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் படித்தேன். விந்தகத்தில் ஒரு மூல உயிரணு முழு விந்தணுவாக மாற ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அதன்பின் சுருண்ட ஒரு குழாயில் ஒன்றிரண்டு வாரம் தங்கி, நீந்தக் கற்றுக்கொள்கிறது. அப்படியானால் பரிசோதனைக்கு நான் கொடுத்த மாதிரி அன்றைய என்னுடையது அல்ல, மூன்று மாதத்துக்கு முந்தைய என்னுடையது. அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வேலையை முடித்துக் கொடுப்பதற்காக இரவெல்லாம் விழித்திருந்த காலம் அது. புகை இரட்டிப்பாகியிருந்தது. பெண்ணின் கதை வேறு. கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது பத்து, இருபது லட்சம் இருக்கும். வாழ்நாளில் வெளிவருபவை 400 அளவில்தான். ஆனாலும் முட்டையைச் சுமக்கும் ஒரு சிறு முட்டைப்பை இறுதிக்கட்ட வளர்ச்சியை முடித்து முட்டையை வெளிவிட அங்கும் மூன்று மாதத்தை ஒட்டிய காலம் தேவைப்படுகிறது. ஆக, அந்த அம்மையார் சொன்ன கெடு எங்கள் இருவருக்கும் பொது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதி தம்பதிகளில் ஆண் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கதவில் இருந்த தாளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஊக்கம் வந்த ஆண்கள் செய்வதையே நானும் செய்தேன். ஒரே நாளில் மூன்று புட்டி மாத்திரை வாங்கினேன். துத்தநாகம், இன்னதென்று புரியாத ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள், ஆண்மை என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் தாங்கிய ஏதோ ஒன்று. அடுத்த முறை போனபோது அவற்றை மேசைமேல் பெருமையாக அடுக்கினேன். அவர் சிரித்தார். 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது என்றார். கருத்தரிப்பு சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதிகளில் ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும், இன்னொன்றுக்கு வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். விந்தணுவின் தரமும் உயரவில்லை, குழந்தை பிறந்த விகிதமும் உயரவில்லை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொல்லைதான் கூடியது. “புட்டிகளை விடுங்கள். சிகரெட்டை நிறுத்துங்கள், காலையில் சாப்பிடுங்கள்.” உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது தசை வளர ஊசியோ மாத்திரையோ கொடுக்கிறார்களா என்றும் கேட்டார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால், உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டு விந்தணு எண்ணிக்கையைப் பூஜ்யம் வரைகூட இறக்கிவிடுமாம். ஆண்மைக்காகப் போடும் ஊசி தந்தையாகும் வழியை அடைப்பது கொஞ்சம் கொடுமையான நகைச்சுவைதான்.

மாத்திரைகள் எல்லாமே வீண் என்று நான் எண்ணத் தொடங்கிய அதே சந்திப்பில், என் மனைவிக்கு அவர் ஒரு மாத்திரையை எழுதினார். ஃபோலிக் அமிலம், தினமும் 400 மைக்ரோகிராம்.

இந்த ஒன்றைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டும். கரு உண்டான பிறகு, பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் பகுதி முதலில் ஒரு தட்டையான தகடாக இருக்கிறது. அது இரு ஓரமும் மடிந்து, குழாயாக ஒட்டிக்கொள்கிறது. இந்த வேலை கருத்தரித்த 28 நாட்களுக்குள் முடிந்துவிடும். எங்கேனும் ஓரிடம் ஒட்டாமல் போனால் குழந்தை தண்டுவடப் பிளவுடன் பிறக்கலாம், மேலே ஒட்டாமல் போனால் மூளையே முழுதாக உருவாகாது. இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார்கள், சோதிக்கிறார்கள், மகிழ்கிறார்கள், மருத்துவரிடம் நாள் வாங்குகிறார்கள். மருத்துவர் ஃபோலிக் அமிலம் எழுதித் தரும் நேரத்தில் பெரும்பாலும் குழாய் மூடி முடிந்திருக்கும். மூடியதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே முடிவாகியிருக்கும். அதனால்தான் அந்த மாத்திரை கருவுற்ற பின்பு அல்ல, முயலத் தொடங்கும்போதே தேவைப்படுகிறது. பன்னிரண்டாம் வாரம் வரை தொடர வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஏற்கெனவே இப்படி ஒரு கர்ப்பம் பாதிக்கப்பட்டவர்களுக்கும், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அளவு வேறுபடலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இது தெரியவந்த கதையும் நீளமானது. 1920-களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகைச் சோகையை ஆராய பம்பாய்க்குப் போனார். ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான சாறு அதைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931-இல் எழுதினார். சாற்றில் இருந்தது என்ன என்பது அவருக்கே தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பொருளைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ஃபோலியத்திலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். ஃபோலிக் அமிலம் என்றால் இலையமிலம். அதற்கும் தண்டுவடப் பிளவுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயம் 1960-களில் எழுந்தது. தீர்ப்பு வந்தது 1991-இல். ஏற்கெனவே அப்படி ஒரு கர்ப்பத்தைச் சந்தித்த பெண்களை ஏழு நாடுகளில் 33 மையங்களில் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவு தெரிந்த கர்ப்பங்களில் 27-இல் குறைபாடு இருந்தது. அவற்றில் 21, ஃபோலிக் அமிலம் பெறாதவர்களுடையவை. பெற்றவர்களுடையவை 6. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கீரை சாப்பிட்டால் போதாதா என்று நானும் கேட்டேன். சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். ஆனால் ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமாக உணவில் இருக்கும் ஃபோலேட் சூட்டில் சிதையும், வேகவைத்து வடிக்கும் நீரோடு போய்விடும், மிஞ்சுவதையும் குடல் முழுதாக உறிஞ்சாது. இயற்கையானது எதுவும் மாத்திரையைவிட மேல் என்ற என் பழைய நம்பிக்கை இந்த ஒரு இடத்தில் தோற்றது.

மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் மாத்திரை அது. உள்ளங்கையில் வைத்தால் ரேகைக்குள் ஒளிந்துகொள்ளும். அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பானது. தினமும் காலையில் ஒன்றை அழுத்தி எடுத்து அவளிடம் நீட்டுவேன். தகடு கிழியும் அந்தச் சிறிய ஓசைதான் அந்த வீட்டில் எங்கள் இருவரின் முயற்சியாக முதலில் கேட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த மாத்திரை கருத்தரிக்க வைப்பதற்காகத் தருவதல்ல, வரும் கருவைக் காப்பதற்காகத் தருவது. சித்தியின் பட்டியலில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருந்தன. எங்கள் மனத்திலும் அப்படித்தான்.

இனி அந்தப் பட்டியல் செய்த கேட்டைச் சொல்கிறேன். என் மனைவி ஒல்லியானவள். வலப்பக்கக் கோடு நீள நீள, அவள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். எண்ணெய், மாவுப்பண்டம், இனிப்பு, இரவுச் சோறு. போதாததற்குத் தினமும் ஒரு மணி நேர ஓட்டம். ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தாள். எல்லாரும் பாராட்டினார்கள், நானும்தான். முன்பு 30 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மாதவிடாய் 41 நாளானது, பிறகு 53. ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் கரு தங்கிவிட்டது என்று நம்பி, சோதனைக் கருவியின் ஒற்றைக் கோட்டைப் பார்த்து உடைந்துபோனோம்.

உணவியல் ஆலோசகர் நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் நல்லதாகச் சாப்பிடுகிறீர்கள், போதுமானதாகச் சாப்பிடவில்லை” என்றார். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. முட்டை முதிரும் நாட்களில் 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. அந்தத் தாளம் சீராக இருந்தால்தான் சூலகம் முட்டையை வெளிவிடும். உடலில் சேமிப்பு எவ்வளவு, வரவு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் தூதுகளில் ஒன்று லெப்டின். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் இந்த ஹார்மோன் கண்டறியப்பட்டதே 1994-இல்தான். வரவு குறைந்து செலவு கூடினால் மூளை அதைப் பஞ்சம் என்றே படிக்கிறது. தானே விரும்பிக் கிடக்கும் பட்டினிக்கும் வலிய வந்த பட்டினிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. துடிப்பின் வேகம் குறைகிறது, முட்டை வருவது தள்ளிப்போகிறது, கடைசியில் நின்றேபோகிறது.

பஞ்சம் என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு ஜெர்மன் படை உணவு வராமல் தடுத்தது. ஒருவருக்கான பங்கீடு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகளின் எண்ணிக்கை பாதியளவுக்குச் சரிந்தது. விடுதலை வந்து உணவு வந்ததும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தவர்கள், வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின்மேல் இருந்த வேதிக் குறிகள் அவர்களின் உடன்பிறந்தோரிடமிருந்து வேறுபட்டிருப்பதை 2008-இல் வெளியிட்டார்கள். கருவாகும் நாட்களின் பசி ஒரு முதியவரின் இரத்தத்தில் இன்னும் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்று மாலையே அந்தத் தாளைக் கிழித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தாள் இன்னும் பல வாரம் அங்கேயே இருந்தது. வலப்பக்கத்தில் இருந்த ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்பி வந்தது. முதலில் இரவுச் சோறு. ஒரு நாள் அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது நான் பார்க்காததுபோல இருந்தேன்.

எடை கூடியவர்களின் கதை இதற்கு நேர் எதிர் என்று நினைத்துவிட வேண்டாம். சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு (பெயரே தவறு, அவை கட்டிகள் அல்ல, முதிராமல் நின்றுவிட்ட முட்டைப்பைகள்) எடையில் ஐந்திலிருந்து பத்து விழுக்காடு குறைந்தாலே முட்டை வெளிவருவது சீராகலாம். ஆனால் இன்ன உணவுமுறைதான் சிறந்தது என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. மாவுச்சத்தை ஒதுக்கினால்தான் ஆகும், பாலை விட்டால்தான் ஆகும் என்று அடித்துச் சொல்பவர்கள் தங்கள் கடைச்சரக்கைச் சொல்கிறார்கள். “முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்” என்று கதவைச் சாத்தும் சிகிச்சையாளர்களும் 2016-இல் நெதர்லாந்தில் 577 பெண்களிடம் நடந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம். ஆறு மாதம் எடைக்குறைப்புக்கு ஒதுக்கிவிட்டுச் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு, உடனே சிகிச்சை பெற்றவர்களைவிட நல்ல பிரசவங்கள் கூடவில்லை. தாமாகவே கருத்தரித்தவர்கள் மட்டும் அவர்களிடையே அதிகம். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் என்பதும் ஒரு விலைதான்.

கருத்தரிப்பு உணவு என்ற பெயரில் உலவும் பலவற்றுக்கும் மூலம், அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நீண்டகால ஆய்வு. கருத்தரிக்க முயன்ற 17,544 பெண்களின் உணவை வைத்து 2007-இல் வந்த முடிவுகள் அவை. டிரான்ஸ் கொழுப்பைக் குறைத்து, புரதத்தில் கொஞ்சத்தைப் பருப்பு, பயறுகளிலிருந்து எடுத்து, தீட்டாத தானியம் சாப்பிட்டவர்களுக்கு முட்டை வெளிவராத சிக்கல் குறைவாக இருந்தது. எனக்கு அந்த ஆய்வின்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அது கவனித்துக் கண்டது, கொடுத்துப் பார்த்தது அல்ல. நன்றாகச் சாப்பிடுபவர்கள் நன்றாகத் தூங்குபவர்களாகவும் இருக்கலாம். தவிர, அது பேசுவது முட்டை வெளிவரும் சிக்கலை மட்டுமே. அடைபட்ட கருக்குழாயைத் திறக்கும் கீரை எதுவும் இல்லை. எங்களோடு அதே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எங்கள் எல்லாரையும்விட ஒழுங்காகச் சாப்பிட்டவர். அவருடைய இரண்டு குழாய்களும் பழைய தொற்றால் மூடியிருந்தன. அது தெரியும்வரை மூன்று ஆண்டுகள் அவர் தன் சமையலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்புச்சத்துக் குறையைக் கர்ப்பத்துக்கு முன்பே சரிசெய்வது எளிது, கர்ப்பத்தில் அதே குறையைத் துரத்திப் பிடிப்பது கடினம். அயோடின் தேவை கர்ப்பத்தில் 150-லிருந்து 250 மைக்ரோகிராமாக உயர்கிறது, கருவின் மூளைக்குத் தேவையான தைராய்டு ஹார்மோனை முதல் மாதங்களில் தாயின் உடல்தான் வழங்குகிறது. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்கள் வைட்டமின் பி12-ஐச் சோதித்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் ஏ மட்டும் எதிர்த்திசை. விலங்குணவில் இருக்கும் ரெட்டினால் என்ற வடிவில் மிகுந்தால் கருவுக்கே கேடு, ஆகவே ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் இந்தக் காலத்தில் வேண்டாம். காரட்டுக்கு அந்தப் பயம் இல்லை. காபியை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் வைத்துக்கொள்ளலாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து என் இரண்டாவது சோதனை முடிவு வந்தது. எண்ணிக்கை கூடியிருந்தது, நீந்துபவையும் கூடியிருந்தன. தாளை நீட்டியபோது நான் பள்ளி மாணவன்போல நின்றிருக்க வேண்டும். மருத்துவர் பார்த்துவிட்டு, நல்லது என்றார், கூடவே, ஒரே மனிதனின் இரண்டு மாதிரிகளுக்கிடையே இவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பாகவே வரும் என்றும் சொன்னார். காலைச் சாப்பாடா, நிறுத்திய சிகரெட்டா, வெறும் தற்செயலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வெளியே வந்ததும் என் மனைவி, “உன் மதிப்பெண்ணுக்கு நீ படும் பாட்டை, நான் இரண்டு வருடமாகப் படுகிறேன்” என்றாள்.

அவளுடைய மாதவிடாய் நான்காம் மாதத்தில் 32 நாளுக்குத் திரும்பியது. அதற்கும் ஐந்து மாதம் கழித்துக் கரு தங்கியது. அந்த மாதம் நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தோம். மூன்று வாரம் அடுப்பே பற்றவைக்கவில்லை. பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, வெளியில் வாங்கியதைப் பொட்டலத்தோடு சாப்பிட்டோம். மாத்திரை அட்டை மட்டும் தொலைந்துவிடக்கூடாது என்று என் சட்டைப் பையில் இருந்தது. மகளுக்கு இப்போது நான்கு வயது. என்ன சாப்பிட்டீர்கள் என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். அந்தப் பொட்டலங்களின் நினைவு வந்து பேச்சை மாற்றிவிடுவேன்.

போன வாரம் சித்தியின் மகன் அழைத்தான். அவனுக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டு. “அம்மா ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள் அண்ணா. அண்ணி என்னென்ன சாப்பிட்டார்கள் என்று சொன்னால் அதையும் சேர்த்துவிடலாம்” என்றான். ஃபோலிக் அமிலத்தைப் பற்றிச் சொன்னேன், எழுதிக்கொண்டான். இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டான் என்று நினைக்கிறேன். பிறகு, இன்று காலையில் நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

“நானா?” என்றான். பின்னால் எங்கோ அவன் மனைவி சிரிப்பது கேட்டது.